உப்பு கேட்காமலா எடுத்து வந்தாள்?

போன ஞாயிற்றுக்கிழமை ராஜபாளையத்தில் ஒரு வாசகர் வட்டக் கூட்டம். தலைமை தாங்க ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். தலைமை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. நடுவில் உட்கார்ந்து சோடா குடித்துவிட்டு, கடைசியில் ‘நேரமின்மை காரணமாக...’ என்று சொல்ல வேண்டும்.

பேச எடுத்துக்கொண்டது ஒரு வெளிநாட்டு நாவலின் மொழிபெயர்ப்பு. பெயர் வேண்டாம்... சொன்னால் சண்டை மறுபடி ஆரம்பிக்கும். ஏதோ ஒரு குளிர் தேசத்தில், நூல் மில்லில் உழைத்து வயதான புருஷன் பெண்டாட்டியின் கதை.

பேச வந்தவர் வெளியூர்க் கல்லூரிப் பேராசிரியர். நன்றாகத்தான் பேசினார் — அந்த ஒரு காட்சி வரும் வரைக்கும். கிழவனும் கிழவியும் சாப்பாட்டு மேஜையில் எதிரெதிரே இருக்கிறார்கள். உதடுகள் அசைகின்றன, சத்தம் இல்லை. அவள் எழுந்துபோய் உப்பை எடுத்து வருகிறாள். அத்தியாயம் முடிகிறது.

“நவீன மனிதனின் தனிமை இது! சொல் வராத வெறுமை! அந்த உப்பு... கண்ணீரின் குறியீடு!” என்றார்.

கைதட்டல். நானும் தட்டினேன். பொய் சொல்வானேன்? என் பிரதியில் அந்தப் பக்கத்து ஓரத்தில் ‘தனிமை!’ என்று பென்சிலால் எழுதி வைத்திருந்தேன்.

மூன்றாவது வரிசையிலிருந்து முத்துலட்சுமி எழுந்தார். தளவாய்புரத்துக்காரர். பதினெட்டு வருஷமாக ஒரு மில்லில் ஸ்பின்னிங் வேலை. ஷிப்ட் இல்லாத ஞாயிறுகளில் கூட்டத்துக்கு வந்துவிடுவார். ஒருநாளும் வாய் திறந்ததில்லை.

“சார், அவிய பேசிக்கிட்டுத்தான இருக்காவ?”

“சத்தம் இல்லைன்னு எழுதியிருக்குதேம்மா.”

“மில்லுக்குள்ள சத்தம் போட்டா யாருக்கு சார் கேக்கும்? மெஷின் இரைச்சல்ல நாங்க அம்புட்டுப் பேரும் உதட்டை வச்சுத்தான் பேசுவோம். என்ன கொழம்பு வச்ச, புள்ளைக்குக் காய்ச்சல் விட்டுச்சா... எல்லாம் அப்படித்தான். பழகிப்போச்சுன்னா வீட்லயும் அதான் வரும். அவரு உப்பு கேட்டாரு, அவிய எடுத்தாந்தாவ. கேக்காம எப்படி சார் எடுத்தாருவாவ?”

கூட்டம் சிரித்தது. பேராசிரியர் சிரிக்கவில்லை.

“அம்மா, இது உங்க ஊர் மில் கதை இல்லை. உங்க அனுபவத்தை நாவல் மேல ஏத்தாதீங்க. அதுக்குப் பேர் வட்டார வாசிப்பு. உட்காருங்க.”

அவர் உட்காரவில்லை. முன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். குரல் நடுங்கவில்லை.

“மில்லு சத்தத்துல எங்க வீட்டுக்காரருக்குக் காது போயி ஏழு வருசமாச்சு. அந்தா, சன்னல் பக்கம் இருக்காரு. அன்னையிலேருந்து எங்க வீட்ல சத்தமே கெடையாது. ஆனா நாங்க பேசாத நாளும் கெடையாது. இந்தப் பொஸ்தகத்தைப் படிச்சதும், நம்மள மாதிரி ரெண்டு பேரு எங்கயோ இருக்காவன்னு மனசு நெறஞ்சு போச்சு. நீங்க அதைப் போயி வெறுமைங்குதீங்க. அப்போ எங்க வீட்ல நடக்கது என்ன சார்?”

பேராசிரியர் வாட்ச்சைப் பார்த்தார். கூட்டம் நடத்துபவர் என் முழங்கையை இடித்தார். ‘நேரமின்மை’யைச் சொல்ல வேண்டிய கட்டம். மைக்கை இழுத்தேன். “நேரம் நிறைய இருக்கு. அவங்க பேசட்டும்” என்றேன்.

“பொது வாசிப்பே தெரியாதவங்களோட எப்படி விவாதிக்கிறது?” என்று பேராசிரியர் பேப்பர்களை அடுக்கினார்.

முத்துலட்சுமி சன்னல் பக்கம் திரும்பினார். உதடு மட்டும் அசைந்தது. அவ்வளவுதான் — புருஷன் வெடித்துச் சிரித்தார். அங்கங்கே உட்கார்ந்திருந்த ஐந்தாறு மில் பெண்களும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். இலக்கியம் தெரிந்த நாங்கள் அத்தனை பேரும் ஒன்றும் புரியாமல் முழித்தோம்.

எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. ஊரைச் செருப்போடு சேர்த்து வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு நாவலுக்குள் வா என்கிறார்களே, அது யாரால் முடியும்? அவர் மட்டும் தன் வகுப்பறையைக் கழற்றிப் போட்டுவிட்டா வந்தார்? அவர் கொண்டுவந்தால் பொது வாசிப்பு, முத்துலட்சுமி கொண்டுவந்தால் வட்டாரமா? நாவலை எழுதியவர் மனதில் என்ன இருந்ததோ, எனக்குத் தெரியாது. ஆனால் அந்த உப்பு மேஜைக்கு எப்படி வந்தது என்று அந்த ஹாலில் விளக்கம் சொன்னவர் ஒருவர்தான். ஊர்க் கண்ணால் படிக்காதே என்று இனி யாராவது சொன்னால், என்னிடம் வேறு கண் இல்லை என்று சொல்லிவிடுவதாக இருக்கிறேன். பென்சிலில் எழுதியதையும் அழித்துவிட்டேன்.

கூட்டம் முடிந்து, பஸ் ஸ்டாண்டில் இருவரையும் பார்த்தேன்.

“அவர்கிட்ட அப்படி என்னம்மா சொன்னீங்க?”

முத்துலட்சுமி சொல்லத் தயங்கினார். புருஷன் அவர் முகத்தைப் பார்த்து மறுபடி சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

“ஒண்ணுமில்ல அண்ணாச்சி... ‘வாங்க போவோம். பாவம், இந்த சாருக்கு உங்களைவிடக் காது மந்தம்’னேன்.”