ஒரு கார்டுக்கு ஒரு புத்தகம்

டெய்லரம்மா மூன்றாம் மாடி, அவருடைய அக்கா நாலாம் மாடி. குடியிருப்போர் சங்கத் தலைவர் பதவிக்கு இருவரும் எதிரெதிரே நின்றார்கள் என்றால் வேறு வினை வேண்டுமா! மொட்டை மாடியில் துணி காயப்போடும் தகராறில், கூட்டத்தில் எல்லார் முன்னாலும் "அக்காவுக்கு என்ன தெரியும்?" என்று தங்கை வாயை விட்டுவிட்டார். அன்றிலிருந்து அக்கா பேச்சை நிறுத்திவிட்டார். லிஃப்டில் தங்கை முகத்தைப் பார்க்க வேண்டிவருமே என்று, மூட்டுவலியோடு படியேறினார். தான் பேசியது தப்பு என்று தங்கைக்குத் தெரிந்துதான் இருந்தது. ஆனாலும் தோற்க மனசில்லை.

தையல் மிஷின் வாங்கினால்கூடக் குறிப்புப் புத்தகத்தைக் கரைத்துக் குடித்துவிட்டுத்தான் தொடுவார் டெய்லரம்மா. நேராக நூலகம் போனார். தலையணை கனத்தில் இரண்டு புத்தகங்கள் கிடைத்தன. ஒன்று அரசியல் தொடர்பியல்: பேசி ஆளை இழுக்கும் வித்தை. மற்றது மோதலின் உளவியல்: மனுஷர்கள் ஏன் முட்டிக்கொள்கிறார்கள், எப்படி ராசியாகிறார்கள்.

"ஒரு கார்டுக்கு ஒண்ணுதாம்மா," என்றார் நூலகர்.

"ரெண்டுமே அவசரம் சார்."

"எது ரொம்ப அவசரம்?"

நல்லா கேட்டார் போங்கள்! இரண்டையும் மாறி மாறிப் புரட்டிப் பார்த்தவர், கடைசியில் முதலாவதைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

வீட்டில் பிரித்தால், எதிராளியின் பலவீனத்தை அறிவது எப்படி என்று ஓர் அத்தியாயம். அக்காவின் பலவீனம் இவருக்குத் தெரியாதா? வாசலுக்கு வெளியே படியில் நின்று நின்று ஏறும் செருப்புச் சத்தம் கேட்டது. புத்தகத்தைப் பட்டென்று மூடிவிட்டார்.

மறுநாள் அதைத் திருப்பிக் கொடுத்து, "இன்னொண்ணைக் கொடுங்க சார்," என்றார்.

"அதை அந்தம்மா எடுத்துட்டாங்களே."

ஜன்னலோர மேஜையில் அக்கா!

"நீயாக்கா?"

அக்கா கண்ணாடியை இறக்கினார். "உன்கிட்ட எப்படிப் பேச ஆரம்பிக்கிறதுன்னு தேடுறேன். பாதி புத்தகம் தாண்டியாச்சு, இன்னும் வரல."

"தப்பு என்மேலதான்க்கா. மன்னிச்சிடு."

"அடிப்பாவி, இதைச் சொல்றதுக்கு இவ்வளவு நாளா?"

அழுகையும் சிரிப்புமாக இருவரும் போட்ட சத்தத்தில், நூலகர் இருவரையும் வெளியே அனுப்பினார்.

தேர்தலில் ஜெயித்தது இரண்டாம் மாடிப் பல் டாக்டர். பின்னே? தங்கைக்குப் போடுங்கள் என்று அக்காவும், அக்காவுக்குப் போடுங்கள் என்று தங்கையும் வீடு வீடாகப் போனால் ஜனங்கள் என்னதான் செய்வார்கள்! அக்கா இப்போது லிஃப்டில்தான் போகிறார். மூன்றாம் மாடியில் இறங்கி, தங்கை வீட்டுக் காபியைக் குடித்துவிட்டுத்தான் மேலே போகிறார்.