மூன்று சுழிப் பாண்

மூக்கம்மா ஓட்டல் வைக்கப் போகிறாள் என்றதும் தேவர்சோலையில் ஆளுக்கொரு யோசனையோடு வந்துவிட்டார்கள். முப்பத்தெட்டு வருடம் கொழுந்து பறித்துவிட்டுப் போன மாதம்தான் எஸ்டேட்டிலிருந்து நின்றவள் அவள். என் தையல் கடைக்குப் பக்கத்து அறையைப் பிடித்துக் கொடுத்தது நான். அதோடு நின்றேனா? "மலையாளத்து வண்டியாத்தான் போகுது, புட்டும் கடலையும் போடுடி" என்று என் பங்குக்கு நானும் ஓதினேன்.

அவள் புருஷன் கந்தனுக்குப் பிரியாணியைத் தவிர வேறு பேச்சில்லை. கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகள் ஜீவிதா, மோமோ போடச் சொல்லிப் போனிலேயே பாடம் எடுத்தாள். மூக்கம்மா எல்லோருக்கும் தலையாட்டினாள். உனக்கு என்னடி ஆசை என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாள். அதற்குக் காரணம் இந்த ரோஸ்மேரி, அதாவது நான்தான்.

நாற்பத்தேழு வருடத்துக்கு முன்னால் நடந்தது. சிலோனிலிருந்து கப்பலில் வந்த குடும்பங்களை இங்கே எஸ்டேட்டில் குடிவைத்த சமயம். நாங்கள் ஐந்தாம் வகுப்பு. டீச்சர் ஒவ்வொருவராக எழுப்பி, காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார். புதிதாகச் சேர்ந்த மூக்கம்மா எழுந்து, "பாண் சாப்பிட்டேன் டீச்சர்" என்றாள். சிலோனில் பாண் என்றால் பிரெட். எங்களுக்கு அது தெரியுமா?

"பானையையா தின்னே?" என்று கேட்டவள் நான். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. அன்றிலிருந்து அவளுக்குப் பாணு என்று பேர். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? எட்டாவதோடு அவள் படிப்பை நிறுத்தும்வரை அந்தப் பேர் விடவில்லை. அப்புறம் நாங்கள் சிநேகிதிகளானோம்; என் கல்யாணத்துக்கு மூன்று நாள் கூடவே இருந்து வேலை பார்த்தாள். ஆனால் பாண் என்ற சொல்லை மட்டும் அவள் வீட்டுக்கு வெளியே சொல்லி நான் கேட்டதில்லை. பேக்கரியில் பிரெட் என்றுதான் கேட்பாள்.

போர்டு எழுதும் விஜயன் ஒரு காலையில் அவளுக்குப் போன் செய்தான். அவள் அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்திருந்தாள்.

"ஏனுங்க்கா, காலைல என்னங்க போடறது?"

அவன் கேட்டது கடை போர்டுக்கு. இவள் தன் தட்டில் இருந்ததைச் சொல்லிவிட்டாள். அப்படித்தான் என்னிடம் சொன்னாள்; நான் இன்றுவரை முழுசாக நம்பவில்லை.

சனிக்கிழமை போர்டு ஏறியது. பெரிய சிவப்பு எழுத்து: 'மூக்கம்மா ஓட்டல். பான், பருப்பு, சம்பல்.' காதில் விழுந்ததை விஜயன் ரெண்டு சுழி ன போட்டு எழுதியிருந்தான். கந்தன் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"பீடாக் கடைன்னுல நெனைப்பாங்க. எல்லாத்தையும் அழிச்சிட்டு பிரியாணின்னு எழுதுப்பா."

மூக்கம்மா போர்டையே பார்த்தாள். முகம் அப்படியே ஐந்தாம் வகுப்பு முகம். நான் கிளப்பிவிட்ட பேர் திரும்பி வந்து என் கண் முன்னாலேயே அவளை அடித்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து ஒரு காய்கறி லாரி வந்து நின்றது. டிரைவர் தலையை நீட்டி, "அக்கா, ஒரு ஸ்வீட் பான் குடுங்க" என்றார்.

"அது தப்பா எழுதிட்டாங்க" என்று கந்தன் ஆரம்பிப்பதற்குள் மூக்கம்மா உள்ளே போய்விட்டாள். தன் மத்தியானச் சாப்பாட்டுக்கென்று கொண்டு வந்திருந்ததைப் பிரித்தாள். கனமாக வெட்டிய பிரெட் இரண்டு துண்டு, தேங்காய்ப்பால் விட்ட பருப்பு, காய்ந்த மிளகாயும் தேங்காய்ப்பூவும் சின்ன வெங்காயமும் இடித்த சம்பல். தட்டை நீட்டினாள்.

"இதுதான் பாண்."

ரோட்டுக்கே கேட்கிற மாதிரிச் சொன்னாள். நான் தையல் மெஷினை நிறுத்திவிட்டேன்.

"பிரெட்டுக்கா இந்தப் பேரு?" என்றார் டிரைவர்.

"எங்காளுங்க அப்படித்தான் சொல்லுவோம்."

அவர் சிரிக்கவில்லை. பாவம், பசி. சம்பல் இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார். "நாளன்னைக்கும் இந்த வழிதான் வருவேன், இருக்குமாக்கா?"

"இருக்கும்" என்றாள் மூக்கம்மா.

விஜயன் பிரஷ்ஷோடு ஏணியில் நின்றிருந்தான். "அக்கா, பிரியாணிங்களா, புட்டுங்களா? சொன்னீங்கன்னா அஞ்சு நிமிசத்துல மாத்தீர்லாம்."

"ஒண்ணும் மாத்த வேணாம் தம்பி. ஒரு சுழி மட்டும் கூட்டிப்போடு. எங்க பாணுக்கு மூணு சுழி."

"அப்ப பிரியாணி?" என்றார் கந்தன், பரிதாபமாக.

"ஞாயித்துக்கெழம வீட்டுல ஆக்கித் தாரேன். தின்னுங்க."

நான் போய் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். மூன்றாவது சுழி ஏறியது. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். இத்தனை வருடம் கழித்து அதை எந்த மூஞ்சியோடு கேட்பது? வாயில் வந்தது வேறு.

"பாணு, எனக்கும் ஒண்ணு குடுடி."

மூக்கம்மா இடுப்பில் கைவைத்து என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"என்னா வேணும்? பானையா, பாணா? சரியாச் சொல்லு ரோசி."

"பாண்" என்றேன், மூன்று சுழியும் கேட்கும்படி.