கருடன் மட்டும் சிக்கவில்லை

பறவை பார்க்கும் விடுமுறைக்கென்றே என் கணவர் ஈப்போவில் புதுக் கேமரா வாங்கினார். சதுப்பில் கொக்கும் காட்டில் இருவாச்சிப் பறவையும் அழகாகவே சிக்கின. ஹுத்தான் மெலிந்தாங் கடலோரத்தில், படகுக்கு மேலே கருடன் வட்டமிட்டபோதுதான் வம்பு வந்தது. ஒவ்வொரு தடவையும் கண்ணை மூடி, "கிருஷ்ணா, கிருஷ்ணா" என்று கன்னத்தில் போட்டுக்கொள்வார். கேமரா கழுத்தில் சும்மா தொங்கும். கண்ணைத் திறப்பதற்குள் பறவை போய்விடும்.

"மனுசனுக்கு ரெண்டு கைதானே இருக்கு, நான் என்னா செய்ய?" என்றார்.

"நீங்க நல்லா கும்பிடுங்க. படத்தை நான் எடுக்குறேன்லா," என்று கேமராவைப் பிடுங்கி என் கழுத்தில் மாட்டிக்கொண்டேன்.

கருடன் மறுபடியும் தலைக்கு மேல் தாழ வந்தது. படகோட்டி அண்ணே சிரிக்கிற சத்தம் கேட்டுத்தான் கண்ணைத் திறந்தேன். என் இரண்டு கைகளும் கன்னத்தில் இருந்தன.