நாலு விரல் கறை

ஜெகதீஷின் இடக்கையில் நான்கு விரல் நுனிகள் கறுத்திருந்ததை முதலில் பார்த்தவர் தோட்டத்து சூப்பர்வைசர் ஈஸ்வர். அவன் டீ கிளாஸை நீட்டும்போது பார்த்தார்.

அந்த மாதம் மூன்று முறை, கீழ்க்காட்டில் விளைந்திருந்த ஏலக்காயைச் செடியிலிருந்தே யாரோ திருட்டுத்தனமாக எடுத்துவிட்டிருந்தார்கள். பச்சைக் காய் எடுத்தால் விரலில் கறை ஏறும். சோப்புக்கு அசையாது. ஜெகதீஷ் காய் எடுப்பவன் அல்ல. சிலமலையிலிருந்து பன்னிரண்டு பெண்களை ஏற்றி, போடிமெட்டு தாண்டித் தோட்டத்தில் இறக்கும் ஜீப் டிரைவர். காலை எட்டு மணியிலிருந்து மாலை நான்கு வரை வண்டியோடு காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் அவன் செய்ததுதான் யாருக்கும் விளங்கவில்லை. காய் உலர்த்தும் ஸ்டோருக்குப் பின்னால் வண்டியை நிறுத்துவான். நீளமான கறுப்புப் பையிலிருந்து ஒரு கிட்டாரை எடுப்பான். அதில் செருகிய ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொள்வான். விரல்கள் ஓடும். சத்தம் வராது.

"ஊமைக் கச்சேரி," என்பாள் சூர்யகலா. பெண்களில் இளையவள்.

பதினான்கு வருடம் அவன் போடியில் ஒரு பாட்டுக் குழுவில் பேஸ் கிட்டார் வாசித்தான். பிறகு கீபோர்டுக்காரர் தன் இடக்கையாலேயே பேஸையும் வாசிக்கத் தொடங்கினார்; இவன் தேவைப்படவில்லை. ஜெகதீஷ் ஜீப் ஓட்ட வந்தான். கிட்டாரை விற்கவில்லை. அதன் கழுத்தில் குறுக்கே பதித்திருந்த உலோகக் கம்பிகளை, ஃப்ரெட்டுகளை, ஒவ்வொன்றாகப் பிடுங்கினான். பள்ளங்களில் மரத்தூளும் பசையும் அடைத்துத் தேய்த்தான். ஃப்ரெட் இருந்தால் விரல் சற்று முன்பின் பட்டாலும் சுரம் சரியாக நிற்கும். இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் தேட வேண்டும். வந்த சுரத்தையும் நம்ப முடியாது.

அவன் வாசித்தது முந்நூறு வருடத்துக்கு முன் ஒரு ஜெர்மன்காரர் தனி வயலினுக்கு எழுதியது. வயலினில் விரல் பக்கத்தில் இருக்கும் சுரம் பேஸில் அரைச் சாண் தள்ளி இருந்தது. நான்கு தந்திகளும் சேர்ந்து ஒலிக்க வேண்டிய இடம் இதில் சேறாகக் குழம்பியது. ஒவ்வொன்றாகப் பிரித்து மீட்டினான். வில் இல்லை, அதனால் நீண்ட சுரங்கள் பாதியில் செத்தன. இரண்டு வருடத்தில் இரண்டு பக்கம் வந்திருந்தது. மலை ஈரத்தில் தந்திகள் துருவேறிவிட்டன.

நான்காவது முறை காய் போன அன்று, மதியச் சோற்று நேரத்தில், பெண்கள் எல்லாரும் இருக்கும்போதே ஈஸ்வர் வந்தார்.

"கையக் காட்டு."

காட்டினான். "தந்தித் துரு சார்."

"அப்பிடியா. வாசி பாப்போம்."

வாசித்தான். கொசு பறப்பதுபோல் கேட்டது. ஹெட்போனைக் கழற்றிக் கொடுத்தான். ஈஸ்வர் கொஞ்ச நேரம் கேட்டார்.

"என்ன பாட்டுய்யா இது? படியேறிக்கிட்டே இருக்கு, வீடு வரல."

"வயலினுக்கு எழுதுனது சார்."

"வயலினுக்கு எழுதுனத இதுல எதுக்கு வாசிக்கிற?"

ஈஸ்வர் கிட்டாரின் கழுத்தைத் தடவிப் பார்த்தார்.

"இதுல கோடு கோடா இருக்குமே, எங்க?"

"நாந்தான் பிடுங்கிட்டேன்."

"அதான பாத்தேன். நல்லதப் பிடுங்குற கை," என்றாள் சூர்யகலா. பெண்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் பழி தப்பிய ஓர் ஆறுதல் இருந்தது.

"நாளையிலருந்து வேற வண்டி பாத்துக்கிறேன்," என்றார் ஈஸ்வர்.

பெண்களின் கங்காணி பாண்டியம்மாள் எழுந்து வந்தாள். அவன் கையைப் பிடித்துப் புரட்டினாள். நாலு விரல் நுனியும் கறுப்பு. கட்டைவிரல் சுத்தம். வாசிக்கும்போது கட்டைவிரல் கிட்டாரின் கழுத்துக்குப் பின்னால் மரத்தைத் தாங்கி நிற்கும், தந்தியில் படாது. அது அவளுக்குத் தெரியாது. அவள் முப்பது வருடம் காய் எடுத்தவள். எடுத்தது இவன் இல்லையென்றால் அடுத்த கேள்வி எந்தப் பக்கம் திரும்பும் என்பதும் தெரிந்தவள்.

"அக்கா, சோறு ஆறுது," என்றாள் சூர்யகலா.

பாண்டியம்மாள் கையை விடவில்லை. "கட்டவெரல் படாம காய் எடுக்க முடியாது சார். இவன் எடுக்கல."

ஈஸ்வர் அந்தக் கட்டைவிரலைப் பார்த்தார். பிறகு பெண்கள் பக்கம் திரும்பினார். பன்னிரண்டு பேர். எல்லாக் கட்டைவிரலும் கறுப்பு.

அன்று மாலை வண்டி ஏறுமுன் ஸ்டோர்க்காரப் பெண் ஒருத்தி பன்னிரண்டு பேரின் தூக்குவாளிகளையும் திறந்து பார்த்தாள். மடியை அவிழ்க்கச் சொல்லித் தடவினாள். எதுவும் கிடைக்கவில்லை. சிலமலையில் இறங்கும்போது சூர்யகலா சொன்னாள், "ஒரு ஆம்பளைக்காக எங்க மடிய அவுக்க வச்சிட்டியேக்கா."

ஈஸ்வர் வேறு வண்டி பார்க்கவில்லை. மறுநாள் காலை ஜெகதீஷின் ஜீப்புக்குப் பாண்டியம்மாள் மட்டும் நின்றிருந்தாள். மற்றவர்கள் பக்கத்து ஊரான ராசிங்காபுரத்து ஜீப்பில் வேறு தோட்டத்துக்குப் போய்விட்டார்கள். முன்சீட்டு காலியாக இருந்தும் அவள் பின்னால் ஏறினாள்.

"ஒரு ஆளுக்கு எத்தன நாளைக்கு ஓட்டுவ அப்பு?"

"இந்த வாரம் ஓட்டுவேன்க்கா."

மலையடிவாரத்து முந்தல் தாண்டி மேடு ஏறியதும் மறுபடி பேசினாள். "பழிய ஒம்மேலயே விட்டிருந்தா பதினோரு பேரும் வந்திருப்பாளுக."

"என் வண்டி வந்திருக்காதுக்கா."

"வேற வண்டி வந்திருக்கும்."

அவன் கண்ணாடியில் பார்த்தான். அவள் கைகள் இரண்டும் முந்தானைக்குள் இருந்தன. அந்தக் குளிருக்கு எல்லாப் பெண்களும் அப்படித்தான் உட்காருவார்கள். காய் எடுத்தது யார்? அடுத்த வளைவில் அந்த முந்தானையை மறுபடி பார்த்தான்.