தொப்பியில் தேநீர்க் கறை

எங்கள் கண்ணாடி அலுமாரியில் ஒரு வெள்ளைத் தொப்பி இருக்கிறது. டென்மார்க்கில் உயர்தரப் பள்ளியின் கடைசிச் சோதனை முடிந்ததும் பிள்ளைகள் தலையில் வைக்கிற தொப்பி. பெயர் தைத்து, பல மாதங்களுக்கு முன்பே சொல்லிவைத்து வாங்க வேண்டும். எங்கள் வீட்டுத் தொப்பியில் அண்ணையின் பெயர் இருக்கிறது. அண்ணை அதை ஒருநாளும் போட்டதில்லை. அதன் ஒரு பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பழுப்புக் கறை. வருகிறவர்கள் கேட்டால் தேநீர் ஊற்றுப்பட்டது என்போம். அம்மா தொடக்கிவைத்த பொய் அது. சொல்லிச் சொல்லி எங்களுக்கே பழகிவிட்டது.

அப்பா அப்போது ஹோர்சன்ஸில் பன்றி இறைச்சித் தொழிற்சாலையில் எலும்பு நீக்குகிற வேலை செய்தார். நாள் முழுக்கக் கத்தி. வீட்டுக்கு வந்தால் விரல்கள் மடங்காது, தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துத்தான் குடிப்பார். மகன் படித்துவிட்டால் அந்தக் குளிரும் கத்தியும் வீண்போகாது என்று நம்பியிருந்தார். மாதா கோயிலில் ஞாயிறு பூசை முடிந்து கதைத்துக்கொண்டு நின்ற எல்லோரிடமும், தொப்பிக்குச் சொல்லியாயிற்று என்று சொல்லியும்விட்டார். அண்ணைக்கோ உதைபந்தாட்டத்தைத் தவிர வேறு உலகமே இல்லை. பயிற்சியில் முழங்கையால் இடித்து இரண்டு பேரின் பல்லை உடைத்தவர் என்பதை நான் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன். அந்த வயதில் எனக்கு அது வீரமாகத்தான் தெரிந்தது.

தொப்பி வந்த கிழமையிலேயே அண்ணை வேறொரு நகரத்துக் கழகத்தோடு ஒப்பந்தம் எழுதிவிட்டு வந்து நின்றார். காலையும் மாலையும் பயிற்சி, சோதனைக்குப் போக முடியாது. “படிப்பைப் பிறகும் முடிக்கலாம்தானே, அப்பா” என்றார். அப்பா வாசலில் கிடந்த அண்ணையின் விளையாட்டுச் சப்பாத்தை எடுத்து, அடியிலிருந்த இரும்புக் குமிழ்கள் படும்படி முகத்தில் அடித்தார். முதல் அடியில் புருவம் பிளந்தது. இரண்டாவது வாயில் விழுந்தது. மூன்றாவதற்குக் கை ஓங்கியபோது அண்ணை அப்பாவின் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு மோதினார். சுவரில் தொங்கிய இயேசுவின் திருஇருதயப் படம் விழுந்து நொறுங்கியது. அம்மா வெறுங்காலோடு கண்ணாடித் துண்டுகளை மிதித்து ஓடிவந்து, மேசையில் பெட்டி திறந்தபடி இருந்த தொப்பியை எடுத்துப் புருவத்தில் அழுத்தினா. கைக்கு வேறு துணி அகப்படவில்லை. அப்பாவை அன்று நான் முழு மனதோடு வெறுத்தேன். இருட்டுவதற்குள் அண்ணை பையோடு போய்விட்டார்.

சில வருடங்கள் நன்றாகத்தான் விளையாடினார். அப்பா அண்ணையோடு கதைக்கவே இல்லை. ஆனால் ஆட்டம் இருக்கிற நாளில் தொலைக்காட்சிக்கு முன்னால் யாரும் நடக்கக்கூடாது. அப்படி ஒரு நாளில்தான் எதிரணிக்காரன் ஒருவன் இரண்டு காலையும் நீட்டிப் பாய்ந்து அண்ணையின் முழங்காலை உடைத்தான். கால் மறுபக்கம் மடிந்ததைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். அப்பா கையிலிருந்த கோப்பையைத் தொலைக்காட்சியின் மேல் எறிந்து உடைத்தார். ஆஸ்பத்திரிக்கு மட்டும் போகவில்லை.

அண்ணை இப்போது ஒரு சாமான் களஞ்சியத்தில் வேலை செய்கிறார், நொண்டித்தான் நடக்கிறார். “என்னோட ஒப்பந்தம் எழுதின பெடியளிலை படிச்சு முடிச்சது கோல்கீப்பர் மட்டும்தான். அவனுக்கு விளையாடக் கிடைக்கேல்லை” என்று சிரிப்பார். கேட்கிற எனக்குச் சிரிப்பு வராது.

அம்மா இறந்துபோனபின் அப்பா எங்களோடுதான் இருக்கிறார். அண்ணையும் ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பிட வருவார். ஒரே மேசையில் இருப்பார்கள், கறிச்சட்டியைத் தள்ளிக் கொடுப்பார்கள், அவ்வளவுதான். போன மாதம் அப்படி ஒரு மதியம், உயர்தரம் கடைசி வருடம் படிக்கிற என் மகள், வெளிநாட்டுப் பெண்கள் கழகமொன்று தன்னை உடனே வரச்சொல்லிக் கேட்டிருப்பதாகச் சொன்னாள். சோதனையைப் பிறகு எழுதலாம் என்றாள், டேனிஷில்.

“பிறகு எண்டுதான் நானும் சொன்னனான்” என்றார் அண்ணை. அவள் தோளைக் குலுக்கினாள். அவருடைய கை எப்போது எழும்பியது என்று நான் காணவில்லை. அறை விழுந்த சத்தம்தான் கேட்டது. மகளின் உதடு வெடித்துச் சோற்றில் இரத்தம் சொட்டியது. அவள் அழவில்லை. எழுந்து போய்க் குளிர்ச்சட்டையில் ஒரு கையை நுழைத்தாள். அண்ணை பின்னால் நொண்டிப் போய் மறுபடியும் கை ஓங்கினார்.

மடங்காத விரல்கள் அந்தக் கையைப் பிடித்தன. அப்பா எப்படி அவ்வளவு விரைவாக எழுந்தார் என்று தெரியவில்லை.

“அடியாத, தம்பி. அடிச்சால் போயிடுவாள். பிறகு வீட்டிலை தொப்பி மட்டும்தான் கிடக்கும்.”

அண்ணை பையோடு போன நாளுக்குப் பிறகு அப்பா அவரோடு நேராகப் பேசிய முதல் வார்த்தைகள் அவை. மகள் வாயைத் துடைத்தபடி அலுமாரியைப் பார்த்தாள். “அது தேத்தண்ணி ஊத்துப்பட்ட தொப்பியெல்லோ?” என்று கேட்டாள், தமிழில். நான் பழக்கத்தில் ஓம் என்று சொல்ல வாயெடுத்தேன்.

“தேத்தண்ணியில்லை, பிள்ளை” என்றார் அப்பா. அண்ணையின் கையை அவர் இன்னும் விடவில்லை. “அது இவன்ர ரத்தம். அடிச்சது நான்.”

மகள் சட்டையின் மற்றக் கையைப் போடாமல் அப்படியே நின்றாள்.