நான் டாட்டா காட்டவில்லை

அன்றைக்கு நான் டாட்டா காட்டவில்லை. எத்தனையோ வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எங்கள் சொந்தத்தில் பாதிப் பேர் இன்னும் நம்புவதாக இல்லை. கல்யாண வீடுகளில் என்னைக் கண்டால், "என்னா பாப்பா, இன்னும் டாட்டா காட்டிக்கிட்டுத்தான் இருக்கியா?" என்று கேட்டுச் சிரிப்பவர்கள் உண்டு. எனக்குச் சிரிப்பு வந்ததே இல்லை.

அம்மாவின் தம்பி, என் மாமா, கடலூர் முதுநகரில் எங்கள் வீட்டிலேயே தங்கியிருந்தார். சுனாமிக்குப் பிறகு மீனவர்களுக்குக் கிடைத்த ஃபைபர் படகுகளின் என்ஜின்களைப் பிரித்து மாட்டியே தொழில் கற்றவர். வேலையில் கெட்டிக்காரர்தான், ஆனால் நிரந்தரமான வேலை இல்லை. அதனால் பெண் பார்க்கப் போன வீடுகளில் எல்லாம் காபியோடு அனுப்பிவிட்டார்கள்.

நான் ஆறாம் வகுப்பு படித்த வருடம் சிதம்பரத்திலிருந்து ஒரு லாட்ஜ்காரர் மினி லாரியில் ஒரு வண்டியை ஏற்றிக்கொண்டு வந்தார். தண்ணீர்மேல் ஸ்கூட்டர் மாதிரி நின்றுகொண்டே ஓட்டுகிற ஜெட் ஸ்கீ. யாரோ ஓட்டிச் சலித்துக் கழித்தது. கிள்ளைப் பக்கம் உப்பங்கழியில் சுற்றுலாப் படகு விடப் போவதாகவும், இந்த வண்டியைச் சரிசெய்து கொடுத்தால் மாமாவையே அங்கே மெக்கானிக்காக வைத்துக்கொள்வதாகவும் சொன்னார். அம்மா அன்று முழுக்கச் சிரித்த முகமாக இருந்தாள்.

அந்த வண்டிக்கு ரேடியேட்டர் கிடையாது. வண்டி மிதக்கிற தண்ணீரையே ஒரு ரப்பர் குழாய் என்ஜினுக்குள் கொண்டு போகும். அது சூட்டை வாங்கிக்கொண்டு, பக்கவாட்டில் ஒரு சின்ன ஓட்டை வழியாகப் பென்சில் கனத்துக்குப் பீய்ச்சி வெளியேறும். இந்த வண்டிக்குள் தண்ணீர் ஜாஸ்தியாகப் போனது. என்ஜினுக்குச் சூடே ஏறவில்லை. மெதுவாக ஓட்டினால் இருமி இருமி நின்றது. குழாய்க்கு நடுவில் ஒரு பித்தளை வால்வை மாட்டி, தண்ணீரைக் குறைத்துவிடலாம் என்றார் மாமா.

எவ்வளவு குறைப்பது என்பதில்தான் என் பங்கு. உப்பனாற்றங்கரையில் வண்டியைக் கயிற்றால் கட்டிப் போட்டு, கொஞ்ச நேரம் ஓடவிட்டு, மாமா என்ஜின்மேல் உள்ளங்கையை வைப்பார். நான் எண்ணுவேன். ஒன்றிலேயே கையை இழுத்துக்கொண்டால் தண்ணீர் போதாது. பத்துக்கு மேலும் கை தாங்கினால் தண்ணீர் அதிகம். வால்வின் பிடியை இம்மி இம்மியாகத் திருப்பி, மூன்று சாயங்காலம் இப்படியே போயிற்று. நாலு எண்ணும்வரை கை தாங்கிய இடத்தில் மாமா நிறுத்தினார். பிடியிலும் வால்விலும் சேர்ந்தாற்போல் ஒரு சிவப்புக் கோடு போட்டேன், என் நகப்பாலிஷில். என்ஜின் அதிர அதிர அந்தப் பிடி தானாக மெல்லத் திரும்புவதையும் நான்தான் பார்த்துச் சொன்னேன். "அதுக்கு ஒரு கம்பி சுத்திட்டாப் போச்சு" என்றார் மாமா. சுற்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார் லாட்ஜ்காரர். வண்டி முந்தின நாளே மினி லாரியில் போய்விட்டது. மாமா, அம்மா, நான் மூவரும் பஸ்ஸில் சிதம்பரம் போய், அங்கிருந்து அவர் காரில் உப்பங்கழிக்குப் போனோம். அவர் மனைவி, உறவுக்காரர்கள் என்று பெரிய கூட்டமே வந்திருந்தது. வண்டியை ஓட்டப் போகிறவன் அவருடைய மகன். காலேஜ் படிப்பவன், கறுப்புக் கண்ணாடி போட்டவன்.

மாமாவுக்குத் தூரப் பார்வை மங்கல். கண்ணாடி போட்டால் பெண் கிடைக்காது என்று போடாமல் இருந்தார். அதனால் படகு ஏறுகிற பலகைத் துறையின் முனையில் என்னை நிறுத்தினார். "ஓட்டையிலேருந்து தண்ணி வர்றத மட்டும் பாரு. நின்னுபோச்சுன்னா ரெண்டு கையையும் தூக்கு" என்றார். மகனிடமும், "பாப்பா கைய தூக்குனா ஒடனே ஆஃப் பண்ணிடுங்க தம்பி" என்று என் கண்முன்னால்தான் சொன்னார். அவன் செல்போனைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினான்.

முதல் இரண்டு சுற்றும் தண்ணீர் நன்றாகப் பீய்ச்சியது. மூன்றாவது சுற்றில் நூலாயிற்று. அப்புறம் நின்றுவிட்டது. நான் இரண்டு கையையும் தூக்கினேன். அவன் என்னைப் பார்த்தான். பார்த்துவிட்டு, ஒரு கையை எடுத்து எனக்கு டாட்டா காட்டினான். நான் குதித்தேன், கத்தினேன், கையை வீசினேன். கரையில் இருந்தவர்கள் குழந்தை குஷியாக இருக்கிறது என்று கை தட்டினார்கள். சுரபுன்னை மரங்களை ஒட்டித் திரும்பும்போது ஒரு கிறீச்சொலி கேட்டது. வண்டி அங்கேயே செத்துப்போனது.

துடுப்புப் படகில் போய் இழுத்து வந்தார்கள். மாமா என்ஜின் மூடியைத் திறந்தார். நான் பக்கத்திலேயே நின்றேன். நான் போட்ட சிவப்புக் கோடு இரண்டாகப் பிரிந்து எங்கெங்கோ இருந்தது. பிடி திரும்பி வால்வு மூடியிருந்தது. மாமா அதைக் கிட்டத்தில் பார்த்தார். பிறகு கட்டைவிரலால் பிடியைத் திருப்பி, கோட்டைக் கோட்டோடு சேர்த்து வைத்தார்.

"என்னாப்பா ஆச்சு?" என்று குனிந்தார் லாட்ஜ்காரர்.

"எல தழ ஏதோ அடச்சிருக்கு சார். தண்ணி நின்ன ஒடனே சொல்லத்தான் பாப்பாவ நிறுத்துனேன். வேடிக்க பாத்துக்கிட்டு உட்டுடுச்சு."

"நான் கைய தூக்குனேன்" என்றேன்.

"அது மொதல்லேருந்தே டாட்டாதான் காட்டிக்கிட்டு இருந்துச்சு" என்றான் மகன்.

எல்லோரும் சிரித்தார்கள். லாட்ஜ்காரர் என் தலையைத் தடவி, "போவட்டும் உடுப்பா, கொழந்தைக்கு என்னா தெரியும்" என்றார். மாமாவைத் திட்டவில்லை. என்ஜினைப் பிரித்துச் சரிசெய்துவிட்டு, அடுத்த மாதமே வேலையில் சேரச் சொன்னார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் நான் ஜன்னலோரம் விம்மிக்கொண்டே வந்தேன். மாமா முன்னால் தள்ளி உட்கார்ந்திருந்தார். பரங்கிப்பேட்டைப் பிரிவு தாண்டியதும் அம்மா என் காதருகே, "அழாத. நீ கைய தூக்குனத நான் பாத்தேன்" என்றாள்.

என் அழுகை சட்டென்று நின்றுவிட்டது. "அப்ப ஏன் சொல்லல?"

"சொன்னா அவன் வேலை போயிடும்டி. ஒன்ன நாளைக்கே மறந்துடுவாங்க."

மாமாவுக்கு வேலை கிடைத்த கதையோடு சேர்ந்து இதுவும் சொந்தத்தில் பரவியது. யாரும் மறக்கவில்லை என்பதுதான் நான் மேலே சொன்னது. மாமா பொய் சொன்னதைவிட, பார்த்தவள் பேசாமல் இருந்ததுதான் என்னைச் சுட்டது. கடலூர் வரும்வரை அவள் தோளில் தலை சாய்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா சோறு போட்டாள். காலையில் வைத்திருந்த மீன் குழம்பில் பெரிய துண்டு என் தட்டில் விழுந்தது. அதை அப்படியே எடுத்து மாமாவின் தட்டில் போட்டேன். "நீயே தின்னு" என்றேன். அதுவரை நான் அவரிடம் ஒருமையில் பேசியதில்லை. அம்மா அதட்டவில்லை. மாமா தலை நிமிராமல், அந்தத் துண்டைத் தொடாமல், வெறும் குழம்புச் சோற்றை மட்டும் பிசைந்து தின்றார். கொஞ்சம்கூட வெட்கமில்லாமல் தின்கிறாரே என்று எனக்குக் கொதித்தது. வெட்கப்படுகிற மனிதன் பார்க்க எப்படி இருப்பான் என்று அப்போது எனக்குத் தெரியாது.