நூறு ரூபாய் நோட்டாகவே வேண்டும்

கோமதிநாயகம் நீட்டிய ஐநூறு ரூபாய் நோட்டுகளைப் போக்கரா மெக்கானிக் தொடக்கூட இல்லை. தலையை மட்டும் ஆட்டினார். நேபாளத்தில் அப்போது நூறு ரூபாய்க்கு மேற்பட்ட இந்திய நோட்டு செல்லாது. எல்லையிலேயே ஒருவர் சொல்லியிருந்தார். "அதெல்லாம் வாங்குவான்" என்று கோமதிநாயகம் வண்டியை முறுக்கிவிட்டார்.

கிளட்ச் பிளேட் மாற்றிய கூலியும் சாமானும் சேர்த்து, நம் பணத்தில் ஐயாயிரம். சங்கரம்மாளின் பையில் இருந்த நூறு ரூபாய் நோட்டுகள் ஒன்பது.

"ஐநூறு ஐநூறா இருபத்தெட்டாயிரத்தையும் எதுக்கு வாங்குனீங்க?" என்று கேட்டாள்.

"முப்பத்தோரு வருசம் சில்லறையோட மாரடிச்சவன்ட்டி நான். பேங்க்ல அந்தப் பிள்ள நூறுகட்டு எடுத்து நீட்டத்தான் செஞ்சா. இனி ஜென்மத்துக்கும் சில்லறை எண்ண மாட்டேன்னு சொல்லிட்டேன்."

சங்கரன்கோவிலுக்கும் திருவேங்கடத்துக்கும் நடுவே அரசு பஸ்ஸில் அவர் கொடுத்த டிக்கெட்டுகளை ஒட்டினால் இமயமலை வரைக்கும் நீளும். ஆனால் பணியில் இருந்தவரை மதுரையைத் தாண்டியதில்லை. ஓய்வுபெற்ற பணத்தில் புல்லட் வாங்கி, சங்கரம்மாளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு முக்திநாத்துக்குக் கிளம்பியபோது மகன் மகாராஜா கோயம்புத்தூரிலிருந்து ஓடிவந்து கத்தினான். கடைசியில் ஒரு நிபந்தனை போட்டான். "காசு இல்லன்னு வழியில எனக்கு ஒரு போன் வந்துச்சு, நானே வந்து கூட்டிட்டுப் போவேன். மறுநாளே வண்டிய வித்துரணும்." அப்பாவும் வீறாப்பாகச் சரி என்றார்.

இப்போது அதே அப்பா போனைக் கையில் எடுத்தார்.

"யாருக்கு அடிக்கீங்க?"

"அவனுக்குத்தான். வேற என்ன செய்ய?"

"வைங்க கீழ."

சங்கரம்மாள் படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களை வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்கிறவள். பயிற்சி எடுத்துப் படித்து வாங்கிய வேலை. நோயாளிக்கு மூச்சு முட்டினால் வீட்டார் அழுவார்கள். இவள் ஜன்னலைத் திறப்பாள். இப்போதும் முதலில் பணம் வரக்கூடிய வழிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அவருடைய ஏ.டி.எம். கார்டில் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்துவிடவில்லை. திறப்பதற்கான எண் அவருடைய ஊர் சிம்முக்குத்தான் வரும். எல்லை தாண்டியதுமே அது செத்துவிட்டது. ஜிபே உள்ள அவளுடைய போனை, வழியில் தொலைந்தால் வம்பு என்று மகள் சுமதியிடம் விட்டு வந்திருந்தாள். பட்டறையின் வைஃபையில் சுமதியை அழைத்து, மெக்கானிக்கின் கியூ.ஆர். அட்டையைப் படமெடுத்து அனுப்பினாள். ஊரிலிருந்து அதற்குப் பணம் போகவில்லை.

"எங்கணக்குல எவ்வளவு கெடக்கு மக்கா?"

"இருபத்தோராயிரம் இருக்கும்மா."

"அது போதும். போனைப் பக்கத்துலயே வச்சிரு."

வண்டியைப் பட்டறையிலேயே விட்டுவிட்டு அறைக்குத் திரும்பினார்கள். வண்டியை நேபாளத்தில் ஓட்டும் அனுமதிச் சீட்டில் இன்னும் ஆறு நாள். அதற்குள் மேலே போய் இறங்கி எல்லையைத் தாண்ட வேண்டும். தாண்டாவிட்டால் நாளுக்கு நாள் அபராதம்.

மறுநாள் விடிந்ததும் சங்கரம்மாள் கிளம்பினாள். "எங்கட்டி போற?"

"முக்திநாத்துக்கு நம்ம பக்கத்துல இருந்து எத்தன கோஷ்டி வருது! சமையல்காரனையும் கூடவே கூட்டிட்டுத்தான் வருவாங்க. ஹோட்டல் பின்கட்டுல பாத்தாத் தெரியும்."

அவரும் பின்னாலேயே போனார். நான்காவது ஹோட்டலின் பின்புறம் ஒருவர் அண்டாவில் ரவையைக் கிளறிக்கொண்டிருந்தார். கடுகும் கறிவேப்பிலையும் தாளித்த வாசனை. தென்காசிக் கோஷ்டி. தரிசனம் முடித்து அன்று காலையிலேயே ஊர் திரும்புகிறார்கள். கூட்டி வந்தவர் இசக்கித்துரை.

சங்கரம்மாள் நேராக விஷயத்துக்கு வந்தாள். இசக்கித்துரை யோசித்தார். "எங்காளுககிட்ட நூறு நோட்டு மிச்சம் இருக்கும்க்கா. ஆளுக்கு ஒரு கட்டு கொண்டாங்கன்னு நாந்தான் சொன்னேன். ஆனா உங்க ஐநூற வாங்கி நான் செக்கிங்ல மாட்டவா?"

"அந்த நோட்டு உங்களுக்கு வேண்டாம். எம்மக இப்பவே உங்க ஆபீஸ் நம்பருக்குப் பன்னிரண்டாயிரம் போடுவா. வந்துட்டான்னு ஆபீஸ்ல கேளுங்க. கேட்டுட்டுக் குடுங்க. ஊர் எல்லைக்குள்ள போனதும் உங்காளுகளுக்கு நீங்க குடுத்துருங்க."

சுமதி அனுப்பினாள். இசக்கித்துரை தென்காசி ஆபீசுக்கு வாட்ஸப்பில் பேசினார். "வந்துட்டாம்லா" என்று சிரித்தார். "ஆனா யார்ட்ட எவ்வளவு இருக்குன்னு எனக்குத் தெரியாது. பஸ் கிளம்ப இருபது நிமிசம் இருக்கு. அண்ணாச்சியே ஏறிக் கேட்டு வாங்கிக்கிடட்டும். நான் பேர் எழுதிக்கிடுதேன்."

கோமதிநாயகம் பஸ் படியில் நின்றார். ஏறவில்லை.

"வெக்கமா இருக்குட்டி."

"முப்பத்தோரு வருசமா ஏறுனதுதான? ஏறுங்க."

ஏறினார். தொண்டையைச் செருமினார். "எல்லாரும் கொஞ்சம் சில்லறை எடுங்க" என்று வாயில் வந்துவிட்டது. பஸ் முழுக்கச் சிரிப்பு.

ஜன்னலோரப் பெரியவர் ஒருவர் விடவில்லை. "நீரு கண்டக்டராவே? பேச்சைக் கேட்டாலே தெரியுது. சில்லறை இல்லைன்னா கீழ எறங்குன்னு எத்தன பேரக் கத்தியிருப்பீரு?"

"நெறைய, அண்ணாச்சி."

"இன்னைக்கு நான் இல்லைன்னா என்ன செய்வீரு?"

"எறங்கி அடுத்த சீட்டுக்குப் போவேன்."

பெரியவர் பையைத் திறந்து பதினாறு நோட்டு எண்ணிக் கொடுத்தார். பின்சீட்டு அம்மா இருபத்திரண்டு கொடுத்தாள். கோமதிநாயகம் நோட்டுகளை நீளவாக்கில் மடித்து விரலிடுக்கில் செருகிக்கொண்டே பின்னால் நகர்ந்தார். கடைசி வரிசை வரைக்கும் போய்த் திரும்பியபோது நூற்றுப் பதினெட்டு. இசக்கித்துரை தன் பையிலிருந்து இரண்டைப் போட்டு நிரப்பினார்.

பட்டறையில் ஐம்பது நோட்டு போயிற்று. மிச்சத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பங்கைச் சங்கரம்மாள் ஜாக்கெட்டின் உள்பையில் வைத்து ஊக்குப் போட்டாள்.

வண்டியைக் கிளப்பப் போகையில் பட்டறை வைஃபையில் மகாராஜா கூப்பிட்டான். "எப்பா, காசெல்லாம் இருக்கா? உண்மையச் சொல்லுங்க."

கோமதிநாயகம் மனைவியைப் பார்த்தார். அவள் போனை வாங்கினாள்.

"இருக்குலே. எல்லாம் சில்லறையா இருக்கு. நாங்க மேல போறோம், சிக்னல் கெடைக்காது. நாலு நாள் கழிச்சுப் பேசுதேன்."

போனை அணைத்து அவர் பையில் போட்டாள். ஏறி உட்கார்ந்து, அவர் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினாள். வண்டி மலைப் பக்கம் திரும்பியது.